டீ பொறுப்பு

சந்தாபுரா,
10 ஆகஸ்ட் 2025

அன்பு தர்ஷுவுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. எழுத்து கோணலாகப் போனால் தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொள். குட்டி தூங்கி, பாத்திரம் கழுவி, நாளைய லெசன் பிளான் எழுதி முடித்த பிறகுதான் எனக்கென்று ஒரு மேசையும் ஒரு பேனாவும் கிடைக்கின்றன.

உடம்பு எப்படி இருக்கிறது? முட்டிக் காயம் ஆறியதா? போலீஸ் டிரெயினிங்கில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று அம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொடுக்கிற கொஞ்ச நேரமும் அம்மா அழுவதற்கே சரியாகிவிடுகிறதாம். அதனால் நாம் இருவரும் இனிமேல் கடிதம்தான். ஸ்டாம்பு ஒட்டிக் கடைசியாக எப்போது கடிதம் போட்டேன் என்று யோசித்தேன். போட்டதே இல்லை.

என் கதையைக் கேள். பி.எட். இரண்டாம் வருடம் வந்துவிட்டது. மைக்ரோ டீச்சிங் முடிந்தது. அது ஒரு கூத்து. ஐந்தாறு நிமிடப் பாடம். கழுதை வயதான நாங்களே மாணவர்களாக உட்கார வேண்டும். என் கூடப் படிக்கும் ஜோவிதா, "மிஸ், இவ என்னைக் கிள்றா மிஸ்" என்று நிஜமாகவே எழுந்து புகார் சொன்னாள். மாணவர் பதில் சொன்னால் உடனே "வெரி குட், உட்கார்" என்று பாராட்ட வேண்டும், அதற்குத் தனி மதிப்பெண். அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. நேற்று உன் மாமா கேஸ் சிலிண்டர் புக் பண்ணிவிட்டேன் என்றார். "வெரி குட், உட்காருங்க" என்றேன். மனிதர் உட்கார்ந்தும்விட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து நிஜப் பள்ளிக்கூடம். மர்பி டவுனில் போட்டிருக்கிறார்கள். இங்கிருந்து பஸ் ஏறினால் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் ஒரு முழுத் தூக்கம் போடலாம். ஏழாம் வகுப்புக் கணக்கு. டிசம்பரில் வெளியிலிருந்து ஒரு எக்ஸ்டர்னல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடம் முழுதும் பார்ப்பார். அதுதான் ஃபைனல் லெசன். நினைத்தாலே பயம். நம் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் வருவார்களே, அது மாதிரி. உனக்கென்ன, நீ ராணி. வந்தவர்களுக்கு டீ வாங்கிவர எச்.எம். உன்னைத்தானே டீ பொறுப்புக்குப் போடுவார்! அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

குட்டி நன்றாக இருக்கிறான். பிளே ஹோமில் சாப்பிடுகிறானாம்.

உன் அக்கா,
சௌம்யா


பயிற்சிப் பள்ளி,
24 ஆகஸ்ட்

அக்காவுக்கு தர்ஷினி அடிக்கும் சல்யூட்,

முட்டி ஆறிவிட்டது. இப்போது முழங்கை. ஒன்று ஆறினால் இன்னொன்று தன் பங்குக்கு வருகிறது. மற்றபடி எருமை மாதிரி இருக்கிறேன், கவலைப்படாதே. மாமா, குட்டி எல்லோரும் சுகமா?

உன் கடிதத்தைப் பிரித்ததும் பக்கத்துக் கட்டில்காரி, "லவ் லெட்டரா?" என்றாள். "அக்காடி" என்றேன். "அக்கா இவ்ளோ பக்கம் எழுதுவாளா?" என்று அவளுக்குப் பொறாமை. சத்தமாகப் படித்துக் காட்டினேன். மாமா உட்கார்ந்த வரி வந்ததும் எல்லோரும் சிரித்து உருண்டார்கள்.

காலையில் ஓட்டம், பரேடு, கயிறு. அதில் எல்லாம் நான்தான் முதல் ஆள். மதியம் சட்ட வகுப்பு. அங்கே என் காதில் விழுவது ஃபேன் ஓடும் சத்தம்தான். புதுச் சட்டம் வந்து செக்‌ஷன் நம்பர் எல்லாம் மாறிவிட்டதாம். எனக்கு வசதி. பழைய நம்பரும் தெரியாது.

ராத்திரி கண் விழித்துக் கடிதம் எழுதாதே. சீக்கிரம் படு.

குட்டி என் போட்டோவைப் பார்த்து "சித்தி" சொல்கிறானா? நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு வயது. இப்போது மூன்றரை. வாய் ஓயாமல் பேசுவானே! அடுத்த கடிதத்தில் அவன் சொல்வதை அப்படியே எழுது.

தர்ஷினி


சந்தாபுரா,
14 செப்டம்பர்

அன்பு தர்ஷு,

முழங்கைக்கு மஞ்சள் போட்டாயா? அங்கே மஞ்சள் கிடைக்குமா? நாங்கள் நலம். மாமாவுக்குக் கொஞ்சம் சளி.

முதல் வாரம் நாங்கள் பாடம் எடுக்கக் கூடாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நிஜ டீச்சர் எடுப்பதைப் பார்க்க வேண்டும். நான் புடவையைப் பிடித்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனேன். அங்கே ஒரு பெண், பெயர் கேரல், தன் பையை நகர்த்தி, "மிஸ், இந்தப் பக்கம் உட்காருங்க. அந்தப் பக்கம் ஆணி இருக்கு, சேலை கிழிஞ்சிடும்" என்று தமிழிலேயே சொன்னாள். கன்னடம் சரியாக வராதே, எப்படிச் சமாளிப்பேன் என்று பயந்துகொண்டு போனவளுக்கு அந்த ஆணியே ஒரு வரவேற்பு மாதிரி இருந்தது.

கடைசி பெஞ்சில் ஐந்து பேர். கேரல், சங்கமித்ரா, வீட்டில் உருது பேசும் ஒரு பெண், இரண்டு பையன்கள். ஐவரும் நல்ல பிள்ளைகள். கணக்குதான் வராது. சாந்தகுமாரி மிஸ், அதாவது வகுப்பின் நிஜக் கணக்கு டீச்சர், அவர்களை ஒரு கேள்வியும் கேட்பதில்லை. திட்டுவதும் இல்லை. கண் அந்தப் பெஞ்சுக்கு முன்னாலேயே நின்று திரும்பிவிடும். ஒரு வாரம் நானும் அங்கே உட்கார்ந்திருந்ததால் எனக்கு அது தெரிந்தது. என்னையும் அவர் பார்க்கவில்லை!

இப்போது நான் பாடம் எடுக்கிறேன். முதல் நாள் சாக்பீஸ் மூன்று முறை உடைந்தது. கேரல் எழுந்து பொறுக்கிக் கொடுத்துவிட்டு, "பயப்படாதீங்க மிஸ், நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும்.

குட்டிக்கு உன் போட்டோவைக் காட்டினேன். யூனிஃபார்மில் நிற்கிறாயே, அது. விரலை வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான்.

மாமா வருகிறார், விளக்கை அணைக்கச் சொல்லி.

அன்புடன்,
சௌம்யா


பயிற்சிப் பள்ளி,
5 அக்டோபர்

அக்கா,

நலம். மஞ்சள் கிடைக்காது, களிம்பு கிடைக்கும். மாமா சளி என்ன ஆயிற்று?

அந்தக் கேரலை எனக்குப் பிடித்துவிட்டது. அவளிடம் சொல், போலீஸ் சித்தி ஒருத்தி இருக்கிறாள், யாராவது கேலி செய்தால் லத்தியோடு வருவாள் என்று.

சிரித்தான் சரி. "சித்தி" சொன்னானா என்றுதானே கேட்டேன்? டீச்சர் ஆகப் போகிறாய், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லு. வெரி குட், உட்கார்.

இங்கே இன்று கயிறு ஏறுவதில் பாராட்டு வாங்கினேன். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

தர்ஷினி


சந்தாபுரா,
19 அக்டோபர்

என் கயிறு ராணிக்கு,

நாளை தீபாவளி. லீவு கிடையாது என்று அம்மாவிடம் சொன்னாயாமே. உன் பங்குக்கு முறுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பொடிப்பொடியாக வந்தால் அதையும் முறுக்கு என்றே நினைத்துச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

இன்று மாமாவின் ஆபீஸ் நண்பர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அவர்கள் பெண்ணுக்கும் குட்டி வயதுதான், ஏ பி சி டி-யை ஒரே மூச்சில் ஒப்பித்தது. மாமா வழக்கம் போலக் குட்டியைத் தூக்கிக்கொண்டு பால் வாங்கப் போய்விட்டார். நான்தான் எல்லோருக்கும் பலகாரம் வைத்து, பேசி, அனுப்பிவைத்தேன்.

ஒரு நல்ல செய்தி. இங்கே சந்தாபுராவிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஜூனிலிருந்து கணக்கு டீச்சர் வேண்டும் என்றார்கள். போய்ப் பேசினேன். ஃபைனல் லெசனில் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கினால் எடுத்துக்கொள்வார்களாம். டி.இ.டி. என்ற ஆசிரியர் தகுதிப் பரீட்சையை வேலையில் சேர்ந்த பிறகு எழுதிக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய விஷயம், அங்கே வேலை பார்ப்பவர் பிள்ளைக்கு எல்.கே.ஜி. சீட் உண்டு, இன்டர்வியூ இல்லாமல். இன்டர்வியூ இல்லாமல், தர்ஷு! நடந்து போகும் தூரம். கையைப் பிடித்துக்கொண்டு போய், கையைப் பிடித்துக்கொண்டு திரும்பலாம்.

அதனால் ஃபைனல் லெசன்தான் இப்போது எனக்கு எல்லாம். பாடமும் முடிவாகிவிட்டது: நெகடிவ் நம்பர். ஜூனிலேயே நடத்தி முடித்ததுதான். ஃபைனலுக்கு எல்லோரும் முடிந்த பாடத்தைத்தான் எடுப்பார்கள், அப்போதுதான் கை தூக்குவார்கள் என்று ஜோவிதா சொன்னாள். பெரிய அட்டையில் லிஃப்ட் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். மேலே மாடிகள், நடுவில் ஜி, அதுதான் பூஜ்யம். கீழே பி-ஒன், பி-டூ, பார்க்கிங். மேலே ஏறினால் பிளஸ், ஜி-க்குக் கீழே போனால் மைனஸ். எப்படி?

இன்னும் அட்டை வெட்ட வேண்டும். உனக்கும் உன் கட்டில்காரிக்கும் வாழ்த்துகள்.

சௌம்யா


பயிற்சிப் பள்ளி,
2 நவம்பர்

அக்கா,

முறுக்கு பொடியாகத்தான் வந்தது. ஸ்பூனில் சாப்பிட்டோம். எல்லோரும் நலம், உன் கடிதத்துக்கு இங்கே ரசிகர் கூட்டம் இருக்கிறது.

லிஃப்ட் யோசனை பிரமாதம். எனக்கு அப்படி யாராவது சொல்லியிருந்தால் நான் கலெக்டர்.

வேலை கிடைத்தால் சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. இன்டர்வியூ இல்லாமல், இன்டர்வியூ இல்லாமல் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்? பேர் என்ன, இது என்ன கலர், அவ்வளவுதானே? நம் குட்டி சொல்ல மாட்டானா?

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். "அவனுக்கு எல்லாம் புரியுதுடி, வாய்தான் திறக்க மாட்டேங்கிறான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாள். டாக்டரிடம் காட்டினீர்களா?

பதில் எழுது.

தர்ஷினி


சந்தாபுரா,
16 நவம்பர்

அன்பு தர்ஷு,

நலமா? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பல் அடித்துக்கொள்கிறது. குட்டிக்கு மங்கி கேப் வாங்கினேன், அழகாக இருக்கிறான்.

ஃபைனல் டிசம்பர் இரண்டாவது வாரத்தில். லிஃப்ட் அட்டை தயார். வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தேன், வகுப்பு துள்ளியது. ஆனால் கடைசி பெஞ்சில் இன்னும் தடுமாற்றம். நான் அந்தப் பக்கம் போய் நிற்கும்போது நேரம் ஓடிவிடுகிறது. இரண்டு முறையும் வீட்டுப்பாடம் கொடுப்பதற்குள் பெல் அடித்துவிட்டது. கடைசியில் பாடம் புரிந்ததா என்று சோதிக்கும் இவேல்யுவேஷன், பிறகு வீட்டுப்பாடம் என்று படிகள் உண்டு, விட்டால் மதிப்பெண் போய்விடும்.

சாந்தகுமாரி மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷி, என் மேல் அக்கறை. "சௌம்யா, அன்னைக்கு அந்த அஞ்சு பேரையும் வெளிய அனுப்பிடு. யாரு வந்தாலும் நாங்க அப்படித்தான் செய்வோம். ஏதாவது வேலை குடு. செடிக்குத் தண்ணி ஊத்தட்டும், லைப்ரரியில புக் அடுக்கட்டும். சார் உட்கார்ந்திருக்கும்போது அவங்க திருதிருன்னு முழிச்சா உனக்குத்தான் கஷ்டம்" என்றார்.

முதலில் எனக்கு என்னவோ போல் இருந்தது. பிறகு உன்னை நினைத்துக்கொண்டேன். நீ டீ பொறுப்பை எவ்வளவு பெருமையாகச் செய்தாய்! இஸ்திரி போட்ட பாவாடை, புது ரிப்பன், கையில் ஃபிளாஸ்க். அது மாதிரிதானே? பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பு கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். வகுப்பில் முழித்துக்கொண்டு உட்கார்வதைவிட அவர்களுக்கும் அதுதான் நிம்மதி. கேரலுக்கு செடி என்றால் பிடிக்கும் வேறு.

நீ என்ன நினைக்கிறாய்? எழுது. எனக்கு இந்த ஃபர்ஸ்ட் கிளாஸ் கட்டாயம் வேண்டும்.

அன்புடன்,
சௌம்யா


சந்தாபுரா,
4 டிசம்பர்

தர்ஷு,

என்னம்மா, ஏன் பதில் இல்லை? உடம்புக்கு ஏதாவதா? அம்மாவைக் கேட்டால், "போனில் நல்லாத்தான் பேசினா, அக்காவுக்கு எழுதுறேன்னு சொன்னா" என்கிறாள். பிறகு ஏன்? என் மேல் ஏதாவது வருத்தமா? என் கடிதங்களை எல்லாம் மனதில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. டாக்டர் விஷயத்தில் நான் பதில் எழுதாதது கோபமா?

அடுத்த வாரம் ஃபைனல். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வரி போடு, போதும்.

சௌம்யா


பயிற்சிப் பள்ளி,
7 டிசம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாகத்தான் இருக்கிறேன். கோபம் இல்லை. எழுத உட்காருவேன், வராது. நான் உன்னைப் போல எழுதிப் பழகியவள் இல்லை. இதை ஃபைனலுக்கு முன்னால் உன் கையில் சேர்க்க வேண்டும் என்று ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.

அக்கா, டீக்கடை பள்ளிக்கூடத்துக்கு எதிரில்தான் இருந்தது. ஞாபகம் இருக்கிறதா? ரோட்டைத் தாண்டினால் கடை. டீ வாங்கி வர எவ்வளவு நேரம் ஆகும்? காலை பிரேயர் முடிந்ததும் எங்கள் மூன்று பேரிடமும் ஃபிளாஸ்க்கைக் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு வந்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். அவர்தான் உள்ளே எடுத்துப் போவார். நாங்கள் போர்வெல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், சாப்பாட்டு பெல் அடிக்கும் வரை. "உள்ள வரக் கூடாது, சத்தம் போடக் கூடாது." அதுதான் டீ பொறுப்பு.

முதல் தடவை எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நான்தான் டீ வாங்கினேன் என்று சொன்னேன். அம்மா முகத்தைப் பார்த்தாயே, அப்பா கூட அன்றைக்குச் சிரித்தார். அடுத்த தடவை எங்களை ஏன் அனுப்புகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அம்மா முந்தின நாளே ரிப்பன் வாங்கி வைத்திருந்தாள். என்ன சொல்வது?

போர்வெல்லுக்கு நேர் மேலே உன் வகுப்பு ஜன்னல். நீ ஒன்பதாவது. இன்ஸ்பெக்டர் கேட்டதும் நீ எழுந்து பதில் சொன்னது எனக்குக் கேட்டது. "எங்க அக்கா" என்று மற்ற இரண்டு பேரிடமும் சொன்னேன். பொய் சொல்லவில்லை, அந்த நேரம் எனக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது.

இங்கே சட்ட வகுப்பில் மேடம் கேள்வி கேட்க என் பக்கம் திரும்பினால், இன்றைக்கும் என் கால் எழுந்து வெளியே போகத்தான் பரபரக்கிறது. யாரும் போகச் சொல்வதில்லை. கால்தான் கேட்பதில்லை.

நீ ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்க வேண்டும். குட்டிக்கு சீட் கிடைக்க வேண்டும். நீ எது செய்தாலும் நான் உன் பக்கம்தான், சத்தியமாக. அனுப்ப வேண்டியிருந்தால் அனுப்பு. ஒன்று மட்டும் செய்யாதே. அவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று எழுதாதே.

பயப்படாமல் எடு. சாப்பிடு.

உன் தங்கை,
தர்ஷினி


சந்தாபுரா,
21 டிசம்பர்

என் கண்ணே தர்ஷு,

இதையும் இந்த நேரத்தில்தான் எழுதுகிறேன், திட்டாதே. நாங்கள் நலம். நீ நலமாக இரு.

உன் கடிதம் ஃபைனலுக்கு முந்தின நாள் வந்தது. பஸ்ஸில் படித்தேன். சில்க் போர்டு எப்போது போனது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனதும் சாந்தகுமாரி மிஸ்ஸிடம், "மிஸ், அந்த அஞ்சு பேரும் வகுப்புலயே இருக்கட்டும்" என்றேன். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "மார்க் போனா என்னைக் கேக்காதே. உன் இஷ்டம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மறுநாள் எக்ஸ்டர்னல் சாரையும் எச்.எம். கோவிந்தப்பா சாரையும் கூட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பின்னால் ஜோவிதா லிஃப்ட் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் எழுந்து "குட் மார்னிங்" பாடினார்கள். கடைசி பெஞ்ச் காலி. சாந்தகுமாரி மிஸ்ஸைப் பார்த்தேன். நான் அனுப்பவில்லை என்று தலையை ஆட்டினார். அவருக்கே ஆச்சரியம். எக்ஸ்டர்னல் போய் அந்தக் காலி பெஞ்சில் உட்கார்ந்தார், ஆணி இருக்கிற பக்கம்.

நான் சாக்பீஸை எடுத்தேன். தேதி எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை, தர்ஷு. "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். கோவிந்தப்பா சார் பின்னாலேயே, "ஏனாயித்து, என்னாச்சு மேடம்? பெல் ஆகிட்டுது!" என்றார்.

கை கழுவும் குழாய் பக்கத்தில், படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஐவரும் தலையில் எண்ணெய் வைத்து வாரி, அன்றைக்கென்று பளிச்சென்று வந்திருந்தார்கள்.

"இங்க என்ன பண்றீங்க?" என்றேன்.

"உங்களுக்கு எக்ஸாம் மிஸ்" என்றாள் கேரல்.

"யாரு உங்களை வெளிய போகச் சொன்னது?"

"யாரும் சொல்லல மிஸ். எப்பவும் நாங்க வந்துடுவோம்."

"நாங்க இருந்தா உங்களுக்கு மார்க் வராதுல்ல" என்றாள் சங்கமித்ரா. அந்த உருதுக்காரப் பெண், "நக்கோ, வேணாம் மிஸ், நீங்க போங்க, டைம் ஆகுது" என்று என்னைக் கையால் தள்ளாத குறை.

அழுதால் மை வழியுமே என்று அடக்கிக்கொண்டேன். "எனக்கு எக்ஸாம்னா நான் சொல்றபடிதான் நடக்கணும். எழுந்திருங்க" என்றேன். எழுந்தார்கள். கேரல் மட்டும் வழியெல்லாம், "ஃபெயில் ஆனா எங்களைத் திட்டக் கூடாது மிஸ்" என்று பேரம் பேசிக்கொண்டே வந்தாள்.

உள்ளே வந்தால் அவர்கள் இடத்தில் எக்ஸ்டர்னல். அவரை எழுப்ப முடியுமா? முன் பெஞ்சுப் பிள்ளைகளை நெருங்கி உட்காரச் சொல்லி ஐந்து பேரையும் முன்னால் திணித்தேன். லிஃப்டை மாட்டினேன். ஏற்றினேன், இறக்கினேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு கேட்டேன்: "ரெண்டாவது மாடியில இருக்கேன். அஞ்சு மாடி இறங்குறேன். எங்க நிப்பேன்?" வகுப்பே கை தூக்கியது. கேரல் தூக்கவில்லை. என் கண் முன் பெஞ்சைத் தாண்டிப் போகப் பார்த்தது, இழுத்துப் பிடித்தேன். "கேரல், நீ சொல்லு."

அவள் எழுந்தாள். கதவைப் பார்த்தாள். உன் கால் எனக்கு அப்போது புரிந்தது.

"பி-டூ மிஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். எக்ஸ்டர்னல் ஏதோ எழுதினார். தப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த கை தூக்கியவனைக் கேட்டிருந்தால் எல்லாப் படிகளையும் முடித்திருப்பேன். "ஏன் பி-டூ?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்கம்மா வேலை செய்யிற அபார்ட்மென்ட்ல பி-டூதான் மிஸ் கடைசி. அதுக்குக் கீழ லிஃப்ட் போகாது. நான் அமுக்கிப் பாத்திருக்கேன்."

"சரி. அதுக்குக் கீழ இன்னும் ஒரு மாடி தோண்டினா?"

கொஞ்ச நேரம் விரலை மடக்கினாள். "பி-த்ரீ. அப்போ மைனஸ் த்ரீ மிஸ்."

"அதுக்கும் கீழ?"

"தோண்டிக்கிட்டே போலாம் மிஸ். முடியவே முடியாது."

சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போய் நின்றாள். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். "அப்போ மேல?" என்று ஒரு பையன் கத்தினான். "மேலயும் முடியாதுடா" என்றாள். பிறகு வகுப்பு என் கையில் இல்லை. ஆளுக்கொரு மாடி தோண்டினார்கள். பெல் அடித்துவிட்டது. இவேல்யுவேஷன் இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. எக்ஸ்டர்னல் எழுந்து, "நல்லா ஆரம்பிச்சீங்க. பாடம் முடியலையேம்மா" என்றார். போகும்போது கேரலைப் பார்த்து லேசாகச் சிரித்தார், அவ்வளவுதான்.

எங்கள் பி.எட். காலேஜ் கைடு மெதுவாகச் சொன்னார்: பாஸ். ஃபர்ஸ்ட் கிளாஸ் இல்லை. சந்தாபுரா பள்ளிக்கூடத்தில், டி.இ.டி. எழுதிவிட்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார்கள். பிள்ளையை வேண்டுமானால் இன்டர்வியூவுக்குக் கூட்டி வரலாமாம். ஜோவிதா தனக்கு வந்த ஃபர்ஸ்ட் கிளாஸைக் கொண்டாட மாட்டேன் என்று அடம் பிடித்தாள், நான்தான் இழுத்துப் போய் மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி மாமாவிடம் சொன்னபோது, "ஒரு வருஷம் தள்ளிப் போகுது, அவ்ளோதானே" என்றார். பிறகு எழுந்து போய், தூங்கும் குட்டிக்குப் போர்வையை இழுத்துவிட்டார்.

நீ கேட்ட கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. மூன்று கடிதத்தில் கேட்டாய். போட்டோ, மங்கி கேப் என்று நான் வேறு வேறு எழுதினேன்.

இல்லை தர்ஷு. அவன் "சித்தி" என்று சொல்வதில்லை. "அம்மா" என்றும் சொல்வதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவான். டாக்டரிடம் காட்டவில்லை. போனால் ஏதாவது பெயர் சொல்லிவிடுவார்களோ என்று பயம். யாராவது வீட்டுக்கு வந்தால் மாமா அவனைத் தூக்கிக்கொண்டு பால் வாங்கப் போவார் என்று எழுதினேன், இல்லையா? பால் பூத் எங்கள் வீட்டுக்கு எதிரில்தான் இருக்கிறது. வந்தவர்கள் கிளம்பும் வரை அங்கேயே நிற்பார்கள், அப்பாவும் பிள்ளையும். யாரும் யாரிடமும் சொல்லாமலே எங்களுக்கு அது பழகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவின் நண்பர்கள் மறுபடி வந்தார்கள். மாமா செருப்பைத் தேடினார். "பால் இருக்கு, உட்காருங்க" என்றேன். குட்டி நடு ஹாலில் உட்கார்ந்து, என் லிஃப்ட் அட்டையை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் ஏ பி சி டி சொன்னது. இவன் லிஃப்டை இழுத்தான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஜனவரி முதல் வாரம் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறோம். உனக்குப் பாசிங் அவுட் பரேடுக்கு முன்னால் இரண்டு நாள் லீவு உண்டு என்றாள் அம்மா. அங்கே பக்கத்தில் காட்பாடியில் ரயில் ஏறினால் இங்கே கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கிவிடலாம், நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். டாக்டர் அறையில் பெற்றவர்கள் மட்டும்தான் உள்ளே என்று சொல்வார்கள், நான் பேசிக்கொள்கிறேன். நீ வெளியே பெஞ்சில் உட்காரக் கூடாது. எங்களோடு உள்ளே வர வேண்டும்.

எந்தத் தேதியில் லீவு என்று சீக்கிரம் பதில் எழுது.

உன் அக்கா,
சௌம்யா